அந்தோணி வூட்டுப் பலாக்கொட்டை

என் பேத்தியின் பள்ளிக்கூடத்திலிருந்து போன மாதம் ஒரு கடிதம் வந்தது. மகள் பெயருக்குத்தான் வந்தது. குற்றம் என்னுடையது என்பதால் எனக்கு வந்த கடிதமாகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன். பேத்தி நிலாவுக்கு எட்டு வயது. முந்தின நாள் அவள் டப்பாவில் ஆறு மசால்வடை வைத்து அனுப்பியிருந்தேன். ஒரு பிள்ளை ஆறு வடை தின்னாது என்று எனக்குத் தெரியாதா? பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் வைத்தேன். சாயங்காலம் டப்பா காலியாக வந்தது. கூடவே இங்கிலீஷில் நாலு வரி எழுதிய காகிதமும் வந்தது. தமிழே எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி, எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இங்கிலீஷுக்கு எங்கே போவேன்? ஆனால் காகிதத்தின் மூலையில் சிரித்த முகம் ஒன்று போட்டிருந்தது. பிள்ளைகளுக்கு வடை பிடித்துப்போய் டீச்சர் நன்றி எழுதியிருக்கிறார் என்று முடிவு செய்து, மகள் வேலையிலிருந்து திரும்புவதற்குள் மறுநாளைக்குப் பன்னிரண்டு வடைக்குப் பருப்பு ஊறப்போட்டுவிட்டேன்.

மகள் செல்வி வந்து படித்துக் காட்டினாள். அவரவர் கொண்டுவந்ததை அவரவர்தான் தின்ன வேண்டுமாம், யாரும் யாருக்கும் கொடுக்கக் கூடாதாம். சில பிள்ளைகளுக்குச் சில பண்டம் ஒத்துக்கொள்ளாது, வேர்க்கடலை பட்டாலே மூச்சு முட்டிப்போகும் என்று மகள் விளக்கினாள். நியாயம்தான். ஒரு பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? ஆனாலும் இருபது பிள்ளைகள் இருபது டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, அடுத்த டப்பாவைப் பார்க்காமல் தின்னும் காட்சி என் கண்ணைவிட்டுப் போகவில்லை. மெல்போர்னுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. குளிர் பழகிவிட்டது, டிசம்பரில் வெயில் அடிப்பது பழகிவிட்டது, மூடிய டப்பா மட்டும் இன்னும் பழகவில்லை.

ஏனென்றால் நான் முப்பது வருடம் கேரியர் கட்டியவள். நெய்வேலியில் சுரங்கத்து ஆளைக் கட்டிக்கொண்டவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியும். என் வீட்டுக்காரர் மண் வெட்டும் பெரிய சக்கர மெஷினில் இருந்தார். காலை ஷிஃப்ட் என்றால் நாலு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். அந்தக் கேரியரை அவர் ஒருவருக்காக நான் கட்டியதே இல்லை. சுரங்கத்துக்குள்ளே, நிலக்கரி போகும் பெல்ட் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. அங்கே பேப்பரை விரித்து, எட்டுப் பேரின் கேரியரையும் பிரித்து நடுவில் வைத்துவிடுவார்கள். ஒருவன் கை எல்லாக் கிண்ணத்திலும் போகும். ஆகவே எட்டு நாக்குக்குச் சமைக்க வேண்டும். அந்த எட்டு வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதில்லை. ஆனால் எந்த வீட்டில் புளி கூடுதல், எந்த வீட்டில் மாமியார் கை, எந்த வீட்டில் நேற்றைய குழம்பு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

நான் தினமும் கட்டாயமாக வைப்பது வேர்க்கடலைத் துவையல். மிளகாய், பூண்டு, கொஞ்சம் புளி சேர்த்துக் கெட்டியாக அரைத்து, மேலே நல்லெண்ணெய் ஊற்றி வைப்பேன். எந்த வெயிலிலும் ஊசாது. வீட்டில் அதை அரைப்பதில்லை. வீட்டில் இருக்கிற மனிதருக்குச் சுடச்சுடக் குழம்பு வைக்காமல் துவையலா வைப்பார்கள்? சாயங்காலம் கேரியரைக் கழுவும்போது, துவையல் எப்படி இருந்தது என்று கேட்பேன். “நான் போறதுக்குள்ள உன் துவையல் காலியாயிடுதுடி” என்பார். அவர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. மாற்றிவிட ஆள் வந்த பிறகுதான் இறங்க முடியும். எட்டுப் பேரில் அவர்தான் எப்போதும் கடைசி ஆள். இருந்தாலும் அதை நான் ஒரு சமாதானப் பேச்சு என்றுதான் நினைத்தேன். ஏனென்றால் அடுத்த வார்த்தை பலாக்கொட்டையாக இருக்கும்.

“அந்தோணி வூட்டுப் பலாக்கொட்ட இருக்குதே” என்று ஆரம்பிப்பார். முதலில் உப்பாம். அப்புறம் காரம் ஏறுமாம். விழுங்கின பிறகு நாக்கில் ஓர் எண்ணெய் வாசனை நிற்குமாம். சாமி கும்பிடுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்தோணி அண்ணன் அவரோடு ஒரே ஷிஃப்ட். வீடு மந்தாரக்குப்பத்தில். அவர் மனைவி சவரியம்மா மேல்பட்டாம்பாக்கத்துப் பெண், பண்ருட்டிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் பலாக்கொட்டையை மூட்டையாக அனுப்புவார்களாம். நான் சேத்தியாத்தோப்புக்காரி. எங்கள் வீட்டுச் சமையலை ஊரே புகழும். எனக்கா பலாக்கொட்டை வராது? மிளகு போட்டேன், சோம்பு போட்டேன், தேங்காய் வறுத்து அரைத்துப் போட்டேன், கருவாடு சேர்த்துக்கூடச் செய்தேன். ஒவ்வொரு முறையும் வாயில் போட்டு, நிதானமாக மென்று, அவர் சொன்னது ஒரே வார்த்தை. “நல்லாத்தான் இருக்கு. ஆனா அது இல்ல.”

அவர்கள் குடும்பத்தை ஒருநாள் குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிடக் கூப்பிடுவோம் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீயே போய் எப்படிச் செய்வதென்று கேட்டுவிடேன் என்றார். அன்றைக்கு இரண்டு வேளை நான் பேசவில்லை. உயிர் போனாலும் அவளிடம் போய்ப் பக்குவம் கேட்க மாட்டேன் என்று அடுப்படியில் நின்று சொன்னேன். அதைக் கடைசிவரை காப்பாற்றினேன். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. படுக்கையில் இருந்தபோதுகூட ஒருநாள் அந்தப் பலாக்கொட்டையைப் பற்றிச் சொன்னார். என் கையால் முப்பது வருடம் தின்ற மனிதர், என் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே போனார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. செல்விக்கு மட்டும் தெரியும், அவள் அந்த வீட்டில் வளர்ந்தவள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி விடுமுறைக்குச் செல்வியும் நிலாவும் நானும் காரில் கடல் பக்கம் கிளம்பினோம். மெல்போர்னிலிருந்து கிழக்கே போனால் அங்கேயும் பழுப்பு நிலக்கரிப் பூமி இருக்கிறது. தூரத்தில் புகைபோக்கி தெரிந்ததும் எனக்கு நெய்வேலி அனல்மின் நிலையம், நாங்கள் தெர்மல் என்போமே, அது ஞாபகம் வந்தது. மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஒரு சின்ன ஊரில் நிறுத்தினோம். கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில் ஓர் இந்தியன் ரெஸ்டாரன்ட். எட்டே மேசை. சுவரில் தாஜ்மஹால், யானை, மயில். வெளியூரில் நம்மவர் கடைக்குள் நுழைந்தால், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தெரியாத மண்டபத்தில் நுழைந்த மாதிரி இருக்கும். வாசனை பழக்கம், ஆள் யாரும் பழக்கமில்லை. செல்வி பட்டர் சிக்கன், நான் ரொட்டி என்று ஏதோ சொன்னாள். நான் என் பையிலிருந்து துவையல் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தேன். எந்த ஊருக்குப் போனாலும் அது என்னோடு வரும்.

“அம்மா, அத உள்ள வை. வெளிச் சாப்பாடு கூடாதுன்னு சொவத்துல போட்டிருக்கு.”

“இது வெளிச் சாப்பாடா? வீட்டுல அரைச்சது.”

செல்வி தலையில் கையை வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, பக்கத்து மேசையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெரியவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டி ஏதோ சொன்னார். நல்ல உயரம், சிவந்த முகம், தடித்த குரல். டப்பாவைத்தான் காட்டிக்கொடுக்கிறார் என்று நினைத்து அதை மடியில் மறைத்துக்கொண்டேன். அவர் விடவில்லை, மறுபடியும் கையை நீட்டினார். நான் டப்பாவை முந்தானைக்குள் தள்ளினேன். செல்வி அவரிடம் பேசிவிட்டுச் சிரித்தாள். அவர் என் தலைக்கு மேலே சுவரில் இருந்த படத்தைக் காட்டியிருக்கிறார். இங்கே சாப்பிட வருகிறவர்கள் எல்லாரும் அதை இந்தியத் திருவிழா ராட்டினம் என்கிறார்களாம். அவர் மட்டும் அது என்ன என்று அறிவாராம். இந்த ஊர்ச் சுரங்கத்தில் அதே மாதிரி மெஷினில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவராம்.

நான் திரும்பிப் பார்த்தேன். தாஜ்மஹாலுக்கும் மயிலுக்கும் நடுவில், சட்டம் போட்டு, சக்கரம். பல் பல்லாக வாளி கோத்த அந்தச் சக்கரத்தை நெய்வேலிப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே அறிவார்கள். அதற்குப் பக்கத்தில் ஹெல்மெட் போட்ட எட்டுப் பேர் எறும்பு மாதிரி நின்றார்கள். முகம் தெரியவில்லை.

ரொட்டிக் கூடையோடு வந்த கடைக்காரருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். “இது எந்த மைன்ஸ் தம்பி?” என்று தமிழிலேயே கேட்டேன். கூடையை வைக்க மறந்து நின்றுவிட்டார். பிறகு நம் ஊர் வழக்கப்படி கேள்விகள் வரிசையாக வந்தன. எந்த பிளாக், மைன்ஸா தெர்மலா, எந்த ஷிஃப்ட். பெயர் பிரான்சிஸ். இந்த ஊர் அனல்மின் நிலையத்து வேலைக்கு வந்தவர். அதை மூடிவிட்டார்கள். ஊரைவிட்டுப் போக மனம் வராமல் இந்தக் கடையைப் போட்டிருக்கிறார். குடும்பமாக நடத்துகிறார்கள். கூடையிலிருந்து ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே அப்பா யார் என்று கேட்டேன்.

“அந்தோணிங்க. மந்தாரக்குப்பத்துல இருந்தோம்.”

என் வாயில் இருந்த ரொட்டி உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. அம்மா இருக்கிறாரா என்று செல்விதான் கேட்டாள். அவள் குரலிலேயே சிரிப்பு தெரிந்தது.

“உள்ளதான் இருக்காங்க. சமையலே அவங்கதான்.”

தன் அப்பா பெயர் கணேசன் என்று செல்வி சொன்னதும் பிரான்சிஸ் உள்ளே ஓடினார். எழுந்து போய்விடலாம் என்று எனக்குத் தோன்றியது உண்மை. கார் சாவியைக் கேட்டேன். செல்வி சாவியைத் தன் பையில் போட்டு மூடிவிட்டாள். முப்பது வருடம் கேட்க மாட்டேன் என்று இருந்தவள், அவர் இல்லாதபோது கேட்டு என்ன ஆகப்போகிறது? கேட்காமல் போனால் அதுவும் என்ன ஆகப்போகிறது? எழுபத்திரண்டு வயதில் இன்னொரு முறை இந்தப் பக்கம் வருவேனா? இப்படி நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே சமையலறைக் கதவு திறந்தது.

நான் மனதில் வைத்திருந்த சவரியம்மா உயரமானவள், சிவப்பானவள், மூக்கை நிமிர்த்திப் பார்க்கிறவள். வந்தவர் என் தோளுக்குக்கூட வரவில்லை. சேலைக்கு மேல் ஏப்ரன், தலையில் வலை போட்ட தொப்பி, காலில் பெரிய ரப்பர் செருப்பு. என்னை விட ஐந்தாறு வயது கூடுதலாக இருக்கும். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“கணேசண்ணன் வூட்டம்மாவா நீ? ஒரு தடவகூட வூட்டாண்ட வர்லியே தாயி. உன்னப் பாக்கணும்னு எம்மாம் நாளு சொல்லிக்கினு இருந்தேன்.”

இந்த ஒரு வார்த்தையில் என் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிப் பாதியைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் கேட்டேன். அண்ணி என்ற முறை சொல்லிக் கேட்டேன், அதுவே எனக்குப் பெரிய காரியம்.

“அண்ணி, கேரியர்ல பலாக்கொட்ட குடுப்பீங்களே. அத ஒருக்கா செஞ்சி குடுங்க.”

“பலாக்கொட்டயா? அதுல இன்னா இருக்குது?” என்றார். நடிக்கிறார் என்று நினைத்தேன். பக்குவம் சொல்ல மனம் வராதவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஆனால் உடனே உள்ளே போனார். உறையவைத்த பலாக்கொட்டைப் பொட்டலம் ஒன்று வீட்டுக்கென்று வைத்திருந்தாராம். இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடம் நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, நாக்கைச் சுத்தமாக வைத்திருந்தேன். நிலா என்னிடம், ஆயா, பரீட்சையா என்று கேட்டாள்.

தட்டு வந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். உப்பு. கொஞ்சம் மிளகுத்தூள். வேகவைத்து, எண்ணெயில் பிரட்டியிருந்தார். அவ்வளவுதான். இன்னொன்று போட்டேன். அதிலும் அவ்வளவுதான். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் வாயிலிருந்து தானாக என் வீட்டுக்காரரின் வார்த்தை வந்தது.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அது இல்ல.”

ஜெயித்துவிட்டேன் என்று நான் குதித்திருக்க வேண்டும். இதைவிட நான் செய்தது பத்து மடங்கு மேல். ஆனால் நான் தட்டைத் தள்ளி வைத்தேன். இதுவா அது? இதற்கா அந்த மனிதர் கண்ணை மூடினார்? அப்படியென்றால் முப்பது வருடம் என்னைச் சீண்டுவதற்காகவே சொன்னாரா? உப்புப் போட்டு வறுத்த கொட்டையைவிடவா என் சமையல் கீழே போய்விட்டது? சவரியம்மாவும் பாவம், திகைத்துப்போய் நின்றார். இதைத்தான் தினமும் கட்டிக் கொடுத்தேன், வேறு ஒன்றும் சேர்த்ததில்லை என்று மாதாமேல் ஆணையாகச் சொன்னார். வெறும் கொட்டைக்கு இவ்வளவு பேரா என்று அவருக்கே அந்தக் காலத்தில் சந்தேகமாம்.

கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியில் ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்ததை அதுவரை நான் கவனிக்கவில்லை. கணேசன் என்ற பெயர் காதில் விழுந்து எழுந்திருக்க வேண்டும். தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். அந்தோணி அண்ணன்தான். என்னை அவர் பார்க்கவில்லை. என் மடியில் முந்தானைக்குள் இருந்து எட்டிப்பார்த்த டப்பாவைப் பார்த்தார். மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

“அதத் தொற” என்றார்.

திறந்தேன். சுவரில் எழுதியிருப்பதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. டப்பா மூடியைத் திருப்பிப் போட்டார். பலாக்கொட்டையைத் தட்டோடு அதில் கவிழ்த்தார். துவையலை இரண்டு கரண்டி அள்ளிப்போட்டு, மேலே நின்ற நல்லெண்ணெயையும் வழித்து ஊற்றி, நாலு விரலால் நசுக்கிப் பிசைந்தார். தடியை ஊன்றி வந்த கையா இது என்று பார்த்தேன்.

“இப்ப தின்னு பாரு தங்கச்சி.”

முதலில் உப்பு. அப்புறம் காரம் ஏறியது. விழுங்கினேன். நாக்கில் எண்ணெய் வாசனை நின்றது.

அந்தோணி அண்ணன்தான் சொன்னார். பேப்பரை விரிப்பது அவர் வேலை. கொட்டை வெறுமையாக இருக்கிறதே என்று என் துவையலைப் போட்டு அவர்தான் தன் கேரியர் மூடியில் பிசைவாராம். முதல் நாளிலிருந்து அப்படித்தான். என் வீட்டுக்காரர் சக்கரத்திலிருந்து இறங்கி வரும்போது என் கிண்ணம் காலியாக இருக்கும், அந்தோணி வீட்டு மூடியில் பலாக்கொட்டை இருக்கும். அவர் கண்டது அதுதான்.

“அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அண்ணே” என்றேன்.

“அவன் எங்கம்மா கேட்டான்? வந்து குந்துவான், அந்தோணி, ஒன் வூட்டம்மா கையே கைன்னுவான். வூட்டுக்கு வர்ற பேர வாணாம்னு சொல்ல முடியுமா?”

சவரியம்மா தோளில் கிடந்த துண்டால் அவர் முதுகில் ஒன்று வைத்தார். “இந்த அம்மா பேர நீ தின்னுக்கினு, எனக்கும் அதுல ஒரு உருண்ட குடுத்தியாய்யா?” என்றார். பிரான்சிஸ் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செல்வி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பக்கத்து மேசை வெள்ளைக்காரப் பெரியவருக்கும் அந்தோணி அண்ணன் ஓர் உருண்டை கொடுக்கப் போனார். நான் உடனே செல்வியைவிட்டு, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்கச் சொன்னேன். இந்த நாட்டில் நான் கற்றுக்கொண்டதும் கொஞ்சம் உண்டு. ஒத்துக்கொள்ளுமாம். தின்றார், காதுவரை சிவந்தார், தண்ணீரைக் குடித்தார், பிறகு ஏதோ கேட்டார். இது மெனுவில் எத்தனாவது நம்பர் என்று கேட்கிறார் என்றாள் செல்வி.

“நான் போறதுக்குள்ள உன் துவையல் காலியாயிடுதுடி.” அவர் பொய் சொல்லவில்லை. கிளம்பும்வரை அந்த வார்த்தையைத்தான் நான் மென்றுகொண்டிருந்தேன். முப்பது வருடம் அவர் கண்ணை மூடிப் பாராட்டியதில் பாதி என் கை. அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தக் கொட்டகையில் போய்க் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். என் வீறாப்பு என்னை மந்தாரக்குப்பம்வரைகூடப் போகவிடவில்லை. அங்கே பஸ்ஸில் கால்மணி நேரத்தில் போயிருக்க வேண்டியதற்கு, கடல் தாண்டி இவ்வளவு தூரம் வந்தேன்.

என் டப்பா துவையலோடு அவர்கள் கடையில் தங்கிவிட்டது. அவர்களுடைய டப்பா ஒன்று பலாக்கொட்டையோடு எங்கள் ஃபிரிட்ஜில் இருக்கிறது. இரண்டையும் கலந்து வைக்கக் கூடாது, உட்காருகிற நேரத்தில்தான் பிசைய வேண்டும் என்று அந்தோணி அண்ணன் சொல்லியனுப்பினார். ஊரில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸில் இப்போது யாரோ இருக்கிறார்கள், சாவியை என்றைக்கோ திருப்பிக் கொடுத்துவிட்டோம். சேத்தியாத்தோப்பு வீடு அண்ணன் மக்களுடையது. உங்கள் ஊர் எது என்று இங்கே யாராவது கேட்டால், என்ன சொல்வதென்று இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் யோசிக்கத்தான் செய்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புதிதாக அரைத்த துவையலையும் கொட்டையையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டு, நிலாவைப் பிசையச் சொல்கிறேன். அவள் பிசையும்போது நான் பார்ப்பதில்லை. வாசலுக்குப் போய் நிற்பேன். தெருவில் ஓர் ஆள் இருக்காது, எதிர்வீட்டுத் தபால்பெட்டி மட்டும் நிற்கும். உள்ளே மூடியில் விரல் உரசும் சத்தம் கேட்கும். “ஆயா, வா” என்று அவள் இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகு, மாற்றிவிட ஆள் வந்துவிட்ட மாதிரி, கையைத் தூசி தட்டிக்கொண்டு கடைசி ஆளாக உள்ளே போகிறேன்.